முதலில் வைத்த பெயர்

என் கணவருடைய பெயரை ஒரு புல்லுக்கு வைத்தார்கள். தெருவுக்கு வைப்பார்கள், சத்திரத்துக்கு வைப்பார்கள். புல்லுக்கு வைத்ததை எங்கேயாவது கேட்டதுண்டா என்று மாம்பலத்திலிருந்து வந்திருந்த என் தமக்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லாத வீட்டில் அது சிரிக்கிற சமாசாரமில்லை.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் கிடையாது. அவர் இருந்தபோது சொல்லாததை, போன பிறகு சொல்வானேன்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நாங்கள் சாந்தோமில், வேதக் கோயிலுக்குப் பின்னால் கடல் காற்று நேராக அடிக்கிற ஒரு சந்தில் குடியிருந்தோம். தலைமுறை தலைமுறையாக அந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள். எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு வாத்தியார் வேலையை விட்டால் வேறு வேலை தெரியாது. அவர் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் அடையாற்று முகத்துவாரத்தில் சேற்றில் முழங்கால் புதைய நின்றுகொண்டிருப்பார். வேட்டியைத் துவைப்பவள் நான்.

செடியைக் காயவைப்பது என்றால் வற்றல் போடுவது போல என்று யாரும் நினைக்க வேண்டாம். பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் செடியைப் பரப்பி, இலை ஒன்று மேலும் ஒன்று கீழுமாகத் திருப்பி வைத்து, இரண்டு பலகைகளுக்கு இடையில் இறுக்கிக் கட்டி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைக்க வேண்டும். தாள் ஈரத்தைக் குடித்ததும் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் காலையும் மாலையும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி அந்த ஈரத் தாள்களைத் தொங்கவிட்டிருப்பேன். குழம்பு கொதிக்கும்போது தலைக்கு மேலே உலகச் செய்திகள் ஆடிக்கொண்டிருக்கும். காய்ந்த செடியைத் தடித்த தாளில் வைத்து ஊசி நூலால் தைப்பதும் என் வேலைதான். கான்வென்ட்டில் கன்யாஸ்திரீகள் கற்றுக் கொடுத்த தையல், பூவேலைக்குப் பயன்படாமல் இதற்குப் பயன்பட்டது.

தைத்த தாளின் வலது பக்கக் கீழ் மூலையில் பெயர்ச் சீட்டை ஒட்டுவார். அதில் தாவரவியல்காரர்களுக்கு ஒரு நியமம் உண்டு. ஒரு தடவை ஒட்டிய சீட்டை யாரும் பிய்க்கக் கூடாது, அடித்து எழுதவும் கூடாது. பெயர் தவறு என்று பிற்பாடு தெரிந்தால், சரியான பெயரை வேறு ஒரு சீட்டில் எழுதி, பழைய சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி, மாற்றியவர் கையெழுத்துப் போட வேண்டும். சில தாள்களில் ஒரே செடிக்கு நாலைந்து சீட்டுகள் வரிசையாக இருக்கும். நாலு புருஷன் கட்டினவள் மாதிரி இருக்கிறதே என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த விஷயத்தில் சிரிப்பு வராது.

பெயர் மாற்றம்தான் அப்போது அவர்களுக்குள் பெரிய சண்டை. எங்கள் வீட்டிலும் அந்தச் சண்டை நடந்தது. மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த சக ஆசிரியர் ஒருவர் வாரத்தில் ஒரு நாளாவது சைக்கிளில் வருவார். ஆசாரமான ஐயர் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். வாழைப்பழம் மட்டும் சாப்பிடுவார். தோலுக்குள் இருப்பதால் பழத்துக்குத் தீட்டில்லையாம். நான் அவருக்கு வாழைப்பழ வாத்தியார் என்று பேர் வைத்திருந்தேன். மனதுக்குள்தான். என் கணவருக்கு அவரைவிட நெருங்கிய சிநேகிதர் உலகத்தில் கிடையாது.

விஷயம் இதுதான். ஒரு செடிக்கு உலகம் பூராவும் ஒரே லத்தீன் பெயர்தான் இருக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக இரண்டு பெயர் வைத்துவிட்டால், முதலில் அச்சில் வந்த பெயரே நிற்கும், பிந்தியது விழுந்துவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரோ ஒருவர் பழைய புத்தகம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, அதில் இன்னும் முந்திய பெயர் இருப்பதைக் காட்டிவிட்டால், ஊர் உலகமெல்லாம் சொல்லிப் பழகிய பெயர் ஒரே நாளில் செல்லாமல் போய்விடும். சீமையில் பெரிய பெரிய ஆட்கள் கூடி இதற்காக அடித்துக்கொண்டார்கள் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டே பேர் அடித்துக்கொண்டார்கள்.

“பேர் எதுக்கு ஓய்? கூப்பிட்டா இன்னதுன்னு தெரியறதுக்கு” என்பார் வாழைப்பழ வாத்தியார். “நூறு வருஷமா எல்லாரும் சொல்லிண்டு வர பேரை, எவனோ ஒருத்தன் கரையான் அரிச்ச புஸ்தகத்தைக் காட்டி மாத்தறான். பசங்க பரீட்சைக்கு எதைப் படிக்கறது? வைத்தியன் எதைப் பாத்து மருந்து கலக்கறது?”

“முதல்ல வச்சவன் வச்சவன்தான். அப்புறம் வந்தவங்க ஆயிரம் பேர் மாத்திச் சொன்னாலும் அது சரியாயிடாது. வசதிக்காக விதியை வளைச்சா, நாளைக்கு யாருடைய வசதின்னு ஒரு சண்டை வரும்” என்பார் இவர்.

“ஜீனஸ் பேருக்கு மட்டும் விலக்கு குடுத்திருக்காளே. பழகின பேர் இருந்துட்டுப் போகட்டும்னு ஒரு ஜாபிதா போட்டிருக்காளே. ஸ்பீஷீஸ் பேர் என்ன பாவம் பண்ணித்து?”

“அந்த விலக்குக் கொடுத்ததே தப்பு.”

ஜீனஸ் என்பது வீட்டுப் பெயர் மாதிரி, ஸ்பீஷீஸ் என்பது ஆளுடைய பெயர் மாதிரி என்று எனக்கு ஒரு முறை விளக்கியிருந்தார். நான் தாள் மாற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். யார் பக்கம் நியாயம் என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாழைப்பழ வாத்தியார் பக்கம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஏன் என்று சொல்ல எங்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கல்யாணமாகி வெகு காலம் கழித்து வந்த கர்ப்பம். பிரசவத்துக்குக் குப்பத்திலிருந்து ஒரு மருத்துவச்சி வந்தாள். இந்துப் பெண், கைராசிக்காரி என்று பெயர். பகல் பொழுது முழுக்க வலித்தது. ஆண் குழந்தை பிறந்தது என்று அவள் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. உதிரம் நிற்காமல் போனதால் அவள் குழந்தையை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு என்னைக் காப்பாற்றப் பார்த்தாள்.

எங்கள் வேதத்தில் சாகக் கிடக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் குருவானவர் வர வேண்டும் என்பதில்லை. உயிர் இருக்கும்போதே யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீரை ஊற்றி, சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்லலாம். அப்படிச் செய்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு ஒரு பெயர் உண்டு, கோயில் புத்தகத்தில் இடம் உண்டு, கல்லறைத் தோட்டத்தில் குழி உண்டு. செய்யாவிட்டால் ஒன்றும் கிடையாது. அவர் செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். வார்த்தையும் சொன்னார்.

பங்குச் சாமியார் வந்தார். தண்ணீர் ஊற்றியபோது உயிர் இருந்ததா என்று கேட்டார்.

“இல்லை சாமி. ஊத்தறதுக்கு முன்னாடியே போயிட்டது.”

சாமியார் வயதானவர், இளகிய மனசுக்காரர். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சந்தேகம்னு ஒரு வார்த்தை போதும். சந்தேகம் இருந்தாலே உள்ளே அடக்கம் பண்ணலாம்” என்றாராம்.

“எனக்குச் சந்தேகம் இல்லை சாமி.”

சாமியாரோடு கூட வந்து சேர்ந்த என் தமக்கை இதைக் காதால் கேட்டாள். சாமி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார், இந்த மனுஷன் உள்ளே வரமாட்டேன் என்கிறான் என்று அவள் என்னிடம் பிற்பாடு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். எனக்கு நினைவு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. உப்பங்கழியை ஒட்டியிருக்கும் எங்கள் கல்லறைத் தோட்டத்தின் மதிலுக்கு வெளியே, பெயரில்லாமல், மணி அடிக்காமல் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை தரிக்கவில்லை.

நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன கேட்பது? அவர் பொய் சொல்லமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். தப்பாகச் சொல்லவும்மாட்டார் என்று நான் நம்பினேன். ஆனால் ஆத்திரம் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தது. சோறு போடும்போது, தாள் மாற்றும்போது, கோயிலில் அவர் பக்கத்தில் மண்டியிடும்போது, எல்லா நேரமும் அது இருந்தது.

அவர் மாலை வேளைகளில் அந்த மதில் பக்கம் போக ஆரம்பித்தார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை, வேட்டியில் ஒட்டியிருந்த சேற்றின் நிறத்தைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். மதிலுக்கும் கழிக்கும் நடுவில் இருக்கும் அந்த உவர் மண்ணில்தான் அந்தப் புல் முளைத்திருந்தது. ஒரு நாள் ஒரு பிடி கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் தாளில் பரப்பினேன். கையிலிருந்த எந்தப் புத்தகத்திலும் அதற்கு இணை கிடைக்கவில்லை. சீமைக்கு, புல் வகைகளில் பேர்பெற்ற ஒருவருக்கு அனுப்பினார். வெகு நாள் கழித்து அச்சடித்த இரண்டு பக்கம் வந்தது. புது இனம்தான், கண்டெடுத்தவர் பெயரையே வைத்திருக்கிறேன் என்று அவர் எழுதியிருந்தார்.

அன்று அவர் என்னை லத்தீனைப் பார்க்கச் சொல்லி, விரலை வைத்துக் காட்டினார். எந்த மண்ணில் முளைத்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் பிள்ளை கிடக்கும் மண்ணிலிருந்து எழுந்த ஒன்றுக்கு அவன் அப்பன் பெயர் கிடைத்தது என்று நினைத்தேன். பிள்ளை பிறந்த பிறகு முதல் தடவையாக அவர் முன்னால் வாய்விட்டு அழுதேன். அந்த ஆத்திரம் அன்றைக்குக் கொஞ்சம் விலகிக் கொடுத்தது. தமக்கை சிரித்ததெல்லாம் அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான்.

சில வருஷம் நன்றாகவே போயிற்று. முப்பதுகள் பிறந்திருந்தன. ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரருடைய பழைய புத்தகங்கள் மூட்டையாகக் கல்லூரிக்கு வந்தன. அவற்றைப் பிரித்து அடுக்கும் பொறுப்பு இவருக்கு. அதில், டென்மார்க்குக்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடிப் பக்கம் வைத்தியம் பார்த்த ஒரு மிஷன்காரர் அந்தக் காலத்தில் லத்தீனில் போட்ட சின்னப் புத்தகம் ஒன்று இருந்தது. செடிகளின் விவரமும் படங்களும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, நான் தைத்த அந்தப் புல்லின் தாளைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு ஆறும். கூப்பிட்டால் வருகிறேன் என்பார், வரமாட்டார்.

வாழைப்பழ வாத்தியார் வந்த மாலையில் விஷயம் வெளியே வந்தது. அந்தப் புத்தகத்தில் இதே புல் இருக்கிறது, நூறு வருஷத்துக்கு முன்பே அதற்குப் பெயர் வைத்தாயிற்று, என் பெயர் செல்லாது என்றார் என் கணவர். ஏதோ மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னார்.

வாத்தியார் உரித்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். “இந்தப் புஸ்தகம் லோகத்துல எத்தனை பேர் கிட்ட இருக்கப்போறது? ஒருத்தனுக்கும் தெரியாது. மூடி வையும்.”

“எனக்குத் தெரியும்.”

“உமக்குத் தெரிஞ்சா என்ன? உம்ம பேர் ஓய் அது! வேற யார் பேரையாவது எடுக்கறதுன்னா நான் இவ்வளவு சொல்லமாட்டேன்.”

“என் பேருங்கறதுக்காக விட்டேன்னா, இத்தனை நாள் உங்ககிட்ட நான் பேசினதெல்லாம் வெறும் பேச்சு.”

வாத்தியார் வேறு வழியில் வந்தார். “சரி. அந்த மனுஷன் பறிச்சு ஒட்டின மூலத்தாள் டென்மார்க்குல எங்கேயாவது இருக்கும். அதை ஒருத்தர் பாத்துச் சொல்லட்டும். படத்தை மட்டும் நம்பாதேயும். அதுவரைக்கும் பொறும்.”

“விவரம் தெளிவா இருக்குது. படமும் இருக்குது. எனக்குச் சந்தேகம் இல்லை.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தேன். அந்நியர் முன்னால் புருஷனை எதிர்த்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று பேசினேன்.

“அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க. சாமி கேட்டப்பவும் சந்தேகம் இல்லைன்னுதான் சொன்னீங்க. பிள்ளைக்கும் பேர் இல்லாம பண்ணியாச்சு. இந்தப் புல்லாவது இருந்துட்டுப் போகக்கூடாதா? அது யாருக்கு என்னங்க கெடுதல் பண்ணுது?”

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு எங்கள் பிள்ளையைப் பற்றி முழுதும் தெரியாது. என் கணவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. கோபித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“இருந்ததை இல்லைன்னு சொல்லலை. இல்லாததை இருக்குன்னும் சொல்லலை” என்றார். அவ்வளவுதான்.

மறுநாளே எழுத உட்கார்ந்தார். அது ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் வந்தது. அவர் தம் வாழ்நாளில் அச்சில் வெளியிட்ட கட்டுரை அது ஒன்றுதான். அது வெளியான அன்று அந்தத் தாளை எடுத்து, தம் பெயர் இருந்த சீட்டுக்குப் பக்கத்தில் அந்த மிஷன்காரர் வைத்த பெயரை எழுதி ஒட்டி, கீழே கையெழுத்துப் போட்டார். பசையை நான்தான் காய்ச்சிக் கொடுத்தேன். சோற்றுக் கஞ்சியில் துத்தம் போட்டுக் காய்ச்சுவது, பூச்சி அரிக்காது.

கல்லூரியில் தலைமைக் குருவானவர் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, தன் பெயரைத் தானே அழித்த மனிதர் என்று அவரைப் பற்றிப் பேசினாராம். அது கோயில்வரை வந்தது. பிரசங்கத்தில்கூடச் சொன்னார்கள். பூசை முடிந்து வெளியே வந்தபோது பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கொடுத்து வைத்தவள் என்றார்கள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

வாத்தியார் கொஞ்ச காலம் வரவில்லை. பிறகு வந்தார், பெயரைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. என் கணவருக்கு மார்புச் சளி கட்டியது. கழிச் சேற்றில் நின்றது போதும் என்று டாக்டர் சொன்னார். அவர் கேட்கவில்லை. அடுத்தடுத்த மழைக்காலங்களில் ஒன்றில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே, பெரிய பாதைக்குப் பக்கத்தில் அவருக்கு நல்ல இடம் கொடுத்தார்கள். கல்லில் முழுப் பெயரையும் வெட்டி வைத்தார்கள்.

அவர் போன பிறகு ஒரு நாள் வாழைப்பழ வாத்தியார் வந்து, உட்காராமல் நின்றார். பழம் கொண்டுவந்து வைத்தேன். தொடவில்லை. அந்த மாலை நடந்த பேச்சுக்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. தானாகவே டென்மார்க்குக்கு எழுதி, அந்தப் பழைய மூலத்தாளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அங்கே யாரும் அவசரப்படவில்லை. இப்போதுதான் பதில் வந்தது.

“அது வேற புல்லும்மா” என்றார். “மேட்டு மணல்ல முளைக்கறது. அடியில மயிர்க் கொத்து இருக்கு. படம் போட்டவன் அதை வரையாம விட்டுட்டான். நம்ம புல்லுக்கு அது கிடையாது. இவர் படத்தைப் பாத்து, அதுவே இதுன்னு நினைச்சுட்டார்.”

எனக்குப் புரிய நேரமாயிற்று. “அப்ப அவர் பேரு?”

“அதான் சரியான பேர். அப்பவும் சரி, இப்பவும் சரி. நான் எழுதினா திரும்ப வந்துடும்.” சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. “ஆனா அவர் எழுதினது ஒண்ணே ஒண்ணு. அது தப்புன்னு நான் அச்சுல போடணும். லோகத்துக்கு அவர் எழுதி வெச்சுட்டுப் போனது அது மட்டும்தான். நீங்க வேண்டாம்னு சொன்னா நான் எழுதலை. என்னோட போகட்டும்.”

அவர் எதிர்பார்த்த பதிலைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை. என் மனம் வேறெங்கோ போய்விட்டது.

“அவர் தப்புப் பண்ணுவாரா சார்?” என்று கேட்டேன்.

வாத்தியார் என்னை ஆறுதல்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, “எல்லாரும் பண்றதுதாம்மா. தெளிவாத் தெரியறதுன்னு மனசு ஒரு தடவை முடிவு பண்ணிடுத்துன்னா, அப்புறம் கண்ணு பாக்கறதில்லை” என்றார்.

“எழுதுங்க சார். கட்டாயம் எழுதுங்க.”

அவர் போன பிறகு பழத்தை எடுத்து வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பட்டப்பகலில், கண்ணாடியை வைத்துக்கொண்டு, நாள்கணக்கில் பார்த்த புல்லை இந்த மனுஷர் தப்பாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பிள்ளையை எவ்வளவு நேரம் பார்த்தார்? ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் செம்பு, பக்கத்து அறையில் பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள். சன்னலைக்கூட அடைத்து வைத்திருந்த வீடு. அந்தக் கையும் அந்தக் கண்ணும் சொன்னதை நான் இத்தனை வருஷம் வேதவாக்காக வைத்திருந்தேன். மருத்துவச்சியிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றியதில்லை. சந்தேகம் இல்லை என்று அவர் சொன்னதால் எனக்கும் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் காலையில் குப்பத்துக்குப் போனேன். மருத்துவச்சி கிழவியாகி, கண் மங்கி, வலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். என் குரலைக் கேட்டு அடையாளம் கண்டுகொண்டாள்.

“இன்னாமா இத்தினி வருசம் கயிச்சி கேக்கற?” என்றாள். “நான் அவுரு கையில குட்த்தப்போ உசுரு இர்ந்துச்சி. வாயத் தொறந்து ஒரு தபா மொனகுச்சி. நல்லா ஞாபகம் கீது. அப்பால இன்னா ஆச்சோ. உன்ன பாப்பனா, அத்த பாப்பனா?”

“தண்ணி ஊத்தினப்போ இருந்துச்சா?”

“அத்த நான் பாக்கலியேமா. நீ போய்க்கினு இர்ந்த. உன்னப் புட்ச்சி நிறுத்தறதே பெரும்பாடாப் பூட்ச்சி.” பிறகு என் கையைத் தடவிக்கொண்டே, “சின்னக் கொயந்த மூச்சு கையில தெரியாதுமா. எனக்கே சில தபா தெரியாது. ஆம்பளைக்கு இன்னா தெரியும்?” என்றாள்.

நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வாத்தியாருடைய கட்டுரை அச்சாகி வரும்வரை காத்திருந்தேன். கையில் காகிதமில்லாமல் போனால் கிழவியின் பேச்சைக் கேட்டுக்கொண்டு உளறுகிறாள் என்பார்கள் என்று பயம். அது வந்ததும் எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போனேன். பழைய சாமியார் காலமாகிவிட்டார். இவர் இளைஞர், புதிதாக வந்தவர், நல்லவர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். கட்டுரையைக் கொடுத்து, என் கணவர் புல்லைத் தப்பாகச் சொன்னது, வாத்தியார் திருத்தியது, பெயர் திரும்பி வந்தது எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். மருத்துவச்சி சொன்னதையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

“எனக்குப் பெரிசா ஒண்ணும் வேண்டாம் சாமி. சந்தேகம்னு ஒரு வார்த்தை போதும்னு பழைய சாமி சொன்னாராம். இப்ப சந்தேகம் வந்துடுச்சு. பிள்ளைக்கு ஒரு பேரை எழுதி, மந்திரிச்சு, அந்த மதிலைத் தாண்டி உள்ளே கொண்டுவந்துடுங்க. அவர் பக்கத்துல இடம் இருக்குது.”

சாமியார் காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். “அந்தம்மா தண்ணி ஊத்தினதைப் பார்க்கலை. நீங்களும் பார்க்கலை. பார்த்தவர் ஒருத்தர்தான்” என்றார்.

“அவர் தப்பாப் பார்த்திருக்கலாம் சாமி. புல்லைத் தப்பாப் பார்த்தாரே!”

“புல்லு விஷயம் வேறம்மா.” அவருக்குச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது, சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினார். “நான் இங்கே வந்த நாளிலிருந்து உங்க வீட்டுக்காரரைப் பத்திக் கேட்டுக்கிட்டிருக்கேன். தன் பேர் போனாலும் பரவாயில்லைன்னு உண்மையைச் சொன்ன மனுஷன். தன் பிள்ளை விஷயத்துல, பழைய சாமி அவ்வளவு தூரம் கேட்டும், அவர் சந்தேகம் இல்லைன்னார்னா, அந்த வார்த்தைக்கு மேல நான் எந்த வார்த்தையைம்மா எழுதறது? வேற யாராவது சொல்லியிருந்தா நான் யோசிப்பேன்.”

நான் காகிதத்தை வாங்கிக்கொண்டு எழுந்தேன். சாமியார் வாசல்வரை வந்து சிலுவை போட்டு அனுப்பினார்.

கோயில் முற்றத்தைத் தாண்டும்போது தெரிந்த பெண்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். உங்க வீட்டுக்காரர் பேரைப் புல்லுக்கு மறுபடியும் வச்சுட்டாங்களாமே, சத்தியவானை ஆண்டவர் கைவிடமாட்டார் என்று ஒருத்தி சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். அவர் ஒரு பொய்யராக இருந்திருந்தால் என் பிள்ளைக்கு இன்றைக்கு ஒரு பேர் இருந்திருக்கும்.